இன்சூரன்ஸ் இருக்கு, ஆனால் டிஎம்வி இல்லைங்குது: எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

பாலிசி கையில் இருக்கிறது. மாதாமாதம் பணமும் ஒழுங்காகப் போகிறது. அப்படியும் கலிஃபோர்னியாவின் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வியிடமிருந்து ஒரு கடிதம்: உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதற்கான பதிவு எங்களிடம் இல்லை, இத்தனை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ரெஜிஸ்ட்ரேஷன் சஸ்பெண்ட். உடனே நாம் செய்வது என்ன? இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த ஐடி கார்டைப் போட்டோ எடுத்து அனுப்புவோம், ஏஜென்டைக் கூப்பிட்டுக் கத்துவோம். சில சமயம் அதிலேயே வேலை முடிந்துவிடும். பல சமயம் இன்னொரு கடிதம் வரும்.

டிஎம்வி உங்கள் பாலிசியைப் பார்ப்பதே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி மின்னணு முறையில் அனுப்பிய ஒரு வரியைத்தான் பார்க்கிறது. அந்த வரி வரவில்லையா, தப்பாக வந்ததா, திருப்பி அனுப்பப்பட்டதா, இல்லை வந்தது சரியாக இருந்து உண்மையிலேயே இடையில் ஒரு நாள் இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்ததா? இந்த நான்கில் எது என்று தெரியாமல் காகிதம் அனுப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நான் இந்தப் பதிவுகள் போய் வரும் பக்கத்தில் வேலை பார்ப்பவன். அங்கிருந்து பார்த்தால் தெரியும் விஷயங்களை, உங்களுக்குக் கண்ணில் படும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். பெரும்பாலும் கலிஃபோர்னியா; நியூயார்க்கிலிருந்தோ நியூயார்க்குக்கோ மாறிப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் நியூயார்க்.

முதலில், கம்பெனியின் கடமை என்ன

கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 16058-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. தனிநபர் கார் பாலிசி கொடுக்கும் ஒவ்வொரு கம்பெனியும் அதை டிஎம்விக்கு மின்னணு முறையில் தெரிவித்தாக வேண்டும். புது பாலிசி என்றால் 30 நாளுக்குள். ரத்து, முடிவு என்றால் 45 நாளுக்குள். வண்டியை அடையாளம் காட்டுவது விஐஎன் எனப்படும் 17 எழுத்து எண். கம்பெனியை அடையாளம் காட்டுவது என்ஏஐசி எண் என்ற ஐந்து இலக்கம்.

ரத்து பற்றிய தகவல் வந்து, அதற்குப் பதிலாக வேறு பாலிசி பற்றிய தகவல் 45 நாளுக்குள் வராவிட்டால் டிஎம்வி ரெஜிஸ்ட்ரேஷனை சஸ்பெண்ட் செய்யும். புதிதாக ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு கொடுத்த வண்டி என்றால் 30 நாளுக்குள் தகவல் வந்திருக்க வேண்டும். சஸ்பெண்ட் ஆன வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது, நிறுத்திவைக்கவும் கூடாது. அபார்ட்மென்ட் வாசலில் தெருவில் நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும்.

இந்த நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு 45 நாள் அவகாசம், அதற்கு மேல் டிஎம்வியின் அவகாசம். ஆகவே மே மாதம் கையில் கிடைக்கும் கடிதம் மார்ச்சில் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். "எனக்கு இப்போது இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று பதில் சொல்வது அந்தக் கேள்விக்கான பதில் இல்லை. கடிதத்தில் எந்தத் தேதி போட்டிருக்கிறது, எந்த வண்டி என்று முதலில் பாருங்கள். வீட்டில் இரண்டு கார் இருந்தால், தப்பான காரைப் பற்றிப் போனில் அரை மணி நேரம் பேசிவிட்டு வைப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து டிஎம்வி இணையதளத்தில் நம்பர் பிளேட்டும் விஐஎன்-இன் கடைசி ஐந்து இலக்கமும் கொடுத்து வண்டியின் இன்சூரன்ஸ் நிலையைப் பாருங்கள். கடிதம் தபாலில் வருவதற்குள்ளேயே நிலைமை மாறியிருக்கலாம்.

அறிகுறி: கம்பெனி மாற்றினேன், மாற்றிய கொஞ்ச நாளில் கடிதம் வந்தது

அதிகம் வருவது இதுதான். பழைய கம்பெனி "முடிந்துவிட்டது" என்று அனுப்பிவிட்டது. புதிய கம்பெனி "தொடங்கிவிட்டது" என்று அனுப்பியது போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் ஒட்டவில்லை.

இரண்டு பாலிசியின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துத் தேதியை மட்டும் பாருங்கள். இங்கே பாலிசி தொடங்குவதும் முடிவதும் வழக்கமாக நள்ளிரவு 12:01-க்கு. பழையது 14-ஆம் தேதி 12:01-க்கு முடிகிறது, புதியது 15-ஆம் தேதி 12:01-க்குத் தொடங்குகிறது என்றால், 14-ஆம் தேதி முழுக்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. "14 வரைக்கும் பழசு, 15-லிருந்து புதுசு" என்று நாம் வாயால் சொல்லும்போது சரியாகத்தான் கேட்கும். காகிதத்தில் ஒரு நாள் ஓட்டை.

ஓட்டை இருந்தால், புதிய கம்பெனியிடம் தொடக்கத் தேதியை முன்னால் தள்ளச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, பழைய கம்பெனியிடம் ரத்துத் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ள முடியுமா என்று கேட்பது நல்லது. ஒரு நாள் பிரீமியம் கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். கடந்துபோன நாளுக்குப் புதிதாக இன்சூரன்ஸ் கொடுக்க எந்தக் கம்பெனியும் விரும்பாது. ஏற்கெனவே தங்கள் கையில் இருந்த பாலிசியை ஒரு நாள் நீட்டுவதற்கு அவ்வளவு தயக்கம் இருக்காது. முடியாது என்று சொன்னால் விட்டுவிடுங்கள். கலிஃபோர்னியாவில் இப்போதைய பாலிசியின் விவரத்தைக் கொடுத்து மேலே போகலாம்.

ஓட்டை இல்லை என்றால் புதிய கம்பெனியின் 30 நாள் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதில்லை, நீங்களே டிஎம்வி தளத்தில் பாலிசி எண்ணையும் என்ஏஐசி எண்ணையும் பதிவு செய்யலாம். முடிந்துவிட்டது என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்கிறது கம்பெனி, "எங்களுக்கு வரவில்லை" என்கிறது டிஎம்வி

இரண்டு பேரும் உண்மையே சொல்லலாம். அனுப்பப்படும் ஒவ்வொரு வரிக்கும் டிஎம்வியிடமிருந்து பதில் திரும்ப வரும்: ஏற்றோம், அல்லது இந்தக் குறை, திருத்தி அனுப்பு. போனில் பேசும் வாடிக்கையாளர் சேவைக்காரரின் திரையில் பெரும்பாலும் அனுப்பிய தேதி மட்டும் தெரியும். திரும்பி வந்த பதில் வேறு குழுவின் வரிசையில் காத்துக்கிடக்கும். அந்தக் குழு ஒருவேளை சோழிங்கநல்லூரில் இருக்கும், உங்கள் போனை எடுப்பவர் அரிசோனாவில் இருப்பார்.

ஆகவே "அனுப்பினீர்களா?" என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: என் வண்டிக்கான டிஎம்வி ரிப்போர்ட் எந்தத் தேதியில் போனது? ஏற்கப்பட்டதா, திரும்பியதா? திரும்பியது என்றால் என்ன காரணம்? எந்த விஐஎன் போட்டு அனுப்பினீர்கள், 17 எழுத்தையும் வாசியுங்கள். எந்த என்ஏஐசி எண்?

கடைசிக் கேள்விக்கு முன்னால் உள்ளதுதான் தங்கம். 17-ஐயும் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. டிஎம்வி தளம் கடைசி ஐந்தை மட்டும் கேட்பதால் நமக்கும் அதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் சாதாரணக் கார்களில் கடைசி ஐந்து இடமும் வெறும் எண்கள். அவற்றைத் தப்பாக அடிப்பது குறைவு. எழுத்தும் எண்ணும் கலந்து வரும் முன்பகுதியில்தான் தடுமாற்றம். கடைசி ஐந்து பொருந்துகிறது, எல்லாம் சரி என்று போனை வைத்துவிடுவோம். தப்பு ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

விஐஎன்-இல் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள். ஒன்பதாவது இடம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். மற்ற 16 இடங்களையும் எண்ணாக மாற்றி, இடத்துக்கு ஏற்ற எடையால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. மீதி 10 என்றால் எக்ஸ் என்று போடுவார்கள். பி என்பதை 8 என்று அடித்தாலோ எஸ் என்பதை 5 என்று அடித்தாலோ கணக்கு உதைக்கும், கணினி கத்தும்.

ஆனால் எல்லாத் தப்பும் மாட்டாது. அந்தக் கணக்கில் பி, கே, எஸ், 2 ஆகிய நான்குக்கும் ஒரே மதிப்பு. ஏ, ஜே, 1 மூன்றுக்கும் ஒரே மதிப்பு. டீலர் கையால் எழுதிய தாளைப் பார்த்து ஜே இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று ஒருவர் அடித்தால், சரிபார்ப்பு இலக்கம் "எல்லாம் சரி" என்று தலையாட்டும். பாலிசி வழங்கப்படும், ஐடி கார்டு அச்சாகும், பணம் எடுக்கப்படும். டிஎம்வியில் மட்டும் அப்படி ஒரு வண்டியே இருக்காது.

பாலிசியில் உள்ள விஐஎன்-ஐ ஐடி கார்டோடு ஒப்பிடாதீர்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து அச்சாவது, தப்பும் ஒன்றாகத்தான் இருக்கும். வண்டியிடம் போங்கள். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டு ஓரத்தில் தெரியும் தகட்டையும், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரையும் படமெடுங்கள். பிறகு டிஎம்வி கொடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு. தகடும் கார்டும் ஒன்றாக இருந்து பாலிசி வேறாக இருந்தால் கம்பெனியின் திருத்தம்: தப்பான விஐஎன்னை நீக்கிச் சரியானதைச் சேர்த்து, பாலிசி தொடங்கிய நாளிலிருந்தே அமலாகும்படி திருத்தி, மறுபடி ரிப்போர்ட் செய்ய வேண்டும். "இன்றிலிருந்து" என்று திருத்தினால் பழைய நாட்கள் காலியாகவே நிற்கும், அதைக் கவனியுங்கள். தகடும் பாலிசியும் ஒன்றாக இருந்து ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு வேறாக இருந்தால் அது டிஎம்வியின் திருத்தம். அதற்கு வண்டியையே நேரில் கொண்டுபோய்க் காட்டிச் சரிபார்க்க வேண்டி வரும்.

என்ஏஐசி எண் பற்றி ஒரு வார்த்தை. டிவியில் விளம்பரம் வருகிற பெயர் வேறு, உங்கள் பாலிசியை எழுதியிருக்கும் கம்பெனி வேறாக இருக்கலாம். பெரிய குழுமங்களுக்குள் பல கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். கூகுளில் குழுமத்தின் பெயரைத் தேடி முதலில் கிடைத்த எண்ணைப் போட்டால் பொருந்தாது. ஐடி கார்டில் சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுங்கள்.

அறிகுறி: புதுக் கார் வாங்கினேன், பழைய பாலிசியிலேயே சேர்த்தேன், இருந்தும் கடிதம்

கலிஃபோர்னியாவில் 2019 முதல் டீலரிடமிருந்து வெளியே வரும் வண்டிக்குத் தற்காலிகக் காகித பிளேட் உண்டு. நிரந்தர பிளேட் தபாலில் பின்னால் வரும். கம்பெனிக்கு பிளேட் எண் தெரியாமலே வண்டி பாலிசியில் ஏறியிருக்கும். அதனால் சிக்கல் இல்லை, விஐஎன் போதும். சிக்கல், டீலர் கடையில் மாலை ஏழு மணிக்குப் போனில் சேர்த்த வண்டி எப்படி ஏறியது என்பதில் இருக்கிறது. "காரைச் சேர்த்துவிட்டோம்" என்றவர் பழைய காருக்குப் பதிலாக மாற்றிவிட்டாரா, கூடுதலாகச் சேர்த்தாரா? மாற்றிவிட்டிருந்தால், இன்னும் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காருக்கு "முடிந்தது" என்று ரிப்போர்ட் போயிருக்கும். புதுக் காருக்கு எல்லாம் சரியாக இருக்க, பழைய காருக்குக் கடிதம் வந்தால் இதுதான்.

அறிகுறி: காரை விற்றுவிட்டேன், விற்ற காருக்குக் கடிதம் வருகிறது

விற்ற ஐந்து நாளுக்குள் டிஎம்விக்கு உரிமை மாற்ற அறிவிப்பு, அதாவது ரெக் 138 படிவம், கொடுத்திருக்க வேண்டும். இணையத்திலேயே கொடுக்கலாம். கொடுக்காமல் இன்சூரன்ஸை மட்டும் ரத்து செய்தால், டிஎம்வி பார்வையில் வண்டி இன்னும் உங்களுடையது, இன்சூரன்ஸ் இல்லாமல். வாங்கினவர் பெயர் மாற்றிக்கொள்வார் என்று நம்பியிருக்க வேண்டாம். இப்போதாவது அந்தப் படிவத்தைக் கொடுங்கள். வாங்கினவர் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் டிக்கெட் உங்கள் வீட்டுக்கு வருவதை அது தடுக்கும்.

அறிகுறி: ஊருக்குப் போகிறோமே என்று இன்சூரன்ஸை நிறுத்தினேன்

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம், மூன்று மாதம் சென்னையில் வேலை. காரை நண்பர் வீட்டு டிரைவ்வேயில் விட்டுவிட்டு, ஓடாத வண்டிக்கு எதற்குப் பணம் என்று பாலிசியை ரத்து செய்துவிட்டு விமானம் ஏறுவார்கள். திரும்பி வரும்போது ரெஜிஸ்ட்ரேஷன் சஸ்பெண்ட் ஆகியிருக்கும். வண்டி ஓடியதா இல்லையா என்பது டிஎம்விக்குத் தெரியாது. தெரிவது ரத்து என்ற ஒரு வரி.

இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது: ரெக் 5090, வண்டியை உபயோகிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. ரெஜிஸ்ட்ரேஷன் உயிரோடு இருக்க, வண்டியைச் சாலையில் ஓட்டாமலும் நிறுத்தாமலும் வைத்திருப்பவர்களுக்கானது. பாலிசி ரத்தாவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், பின்னால் அல்ல. திரும்பி வந்ததும் முதலில் இன்சூரன்ஸ், பிறகு அதன் விவரத்தை டிஎம்விக்குக் கொடுத்து அந்த நிலையை நீக்கல், அதன் பிறகே சாவி. விமான நிலையத்திலிருந்து வந்த களைப்பில் நேராகக் காரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகக்கூடாது.

பிஎன்ஓ என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு. ரினீவல் நேரத்தில், இந்த வருடம் வண்டியை ஓட்டப்போவதில்லை என்று சொல்லி முழு ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணத்துக்குப் பதில் சிறு கட்டணம் கட்டுவது. நடுவில் மூன்று மாதம் போகிறவருக்கு அது உதவாது.

என் யோசனை: போவது குறுகிய காலம் என்றால் ரத்தே செய்யாதீர்கள். சொந்தக் காரின் மோதல், சேதம் ஆகியவற்றுக்கான கவரேஜைக் குறைத்து, சட்டம் கேட்கும் லயபிலிட்டியை, அதாவது மற்றவர்களுக்கு நாம் ஏற்படுத்தும் காயம், சேதத்துக்கான கவரேஜை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பாலிசி தொடர்ந்து ஓடியது என்ற வரலாறும் கெடாது. திரும்பி வந்து புதுப் பாலிசி கேட்கும்போது அந்த வரலாறு விலையைத் தீர்மானிக்கும். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் மட்டும் இது நடக்காது, வங்கி முழு கவரேஜ் கேட்கும்.

அறிகுறி: பணம் கட்டத் தவறி, பிறகு கட்டி, "மறுபடி உயிர் கொடுத்துவிட்டோம்" என்றார்கள்

கார்டு காலாவதியாகி தானியங்கிக் கட்டணம் நின்றுபோயிருக்கும். பணம் வராததற்காக ரத்து செய்ய கலிஃபோர்னியாவில் கம்பெனி குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அது மின்னஞ்சலில் எங்கோ கிடந்திருக்கும். நீங்கள் பணம் கட்டியதும் பாலிசிக்கு உயிர் வரும். ஆனால் எந்தத் தேதியிலிருந்து? இடைவெளி இல்லாமலா, கட்டிய நாளிலிருந்தா? இரண்டுக்கும் பிரீமியத்தில் வித்தியாசம் குறைவு, டிஎம்வி பதிவில் வித்தியாசம் பெரிது. எழுத்தில் வாங்குங்கள். ரத்து ரிப்போர்ட் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், மறுபடி அமலானதற்கான ரிப்போர்ட்டும் போனதா என்று தனியாகக் கேளுங்கள்.

அறிகுறி: கம்பெனி கார், பிசினஸ் பாலிசி

மேலே சொன்ன கட்டாயம் தனிநபர் கார் பாலிசிக்கு மட்டும். வணிகப் பாலிசியைத் தானாக ரிப்போர்ட் செய்யும் கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ஆகவே காத்திருந்தால் எதுவும் வராது. உங்கள் பெயரில் ரெஜிஸ்டர் ஆன காரை உங்கள் நிறுவனத்தின் (எல்எல்சி) பாலிசியில் ஏற்றியிருந்தால் நீங்கள்தான் விவரத்தை டிஎம்விக்குக் கொடுக்க வேண்டும், கடிதம் வரும்போதெல்லாம்.

அறிகுறி: எல்லா ஆதாரமும் கொடுத்தாயிற்று, இன்னும் சஸ்பெண்ட் என்றே காட்டுகிறது

14 டாலர் கட்டினீர்களா? ஒருமுறை சஸ்பெண்ட் ஆகிவிட்டால் ஆதாரம் மட்டும் போதாது, மறுபதிவுக் கட்டணம் 14 டாலரும் வேண்டும். தப்பு கம்பெனியுடையது என்றால் அந்தப் பணத்தை அவர்களிடம் கேளுங்கள். ஆனால் முதலில் கட்டிவிடுங்கள். 14 டாலருக்கு நியாயம் கேட்டுக்கொண்டு சஸ்பெண்ட் ஆன வண்டியை ஓட்டினால் போலீஸ் எழுதும் டிக்கெட் அதைவிடப் பல மடங்கு. இன்சூரன்ஸ் ஆதாரம் காட்டாததற்கு மட்டும் முதல் முறை அடிப்படை அபராதம் 100 முதல் 200 டாலர். அதன் மேல் ஏறும் கூடுதல் கட்டணங்கள் தனி.

அறிகுறி: கடிதமே வரவில்லை, நேராக சஸ்பெண்ட்

வீடு மாறினால் 10 நாளுக்குள் டிஎம்விக்குச் சொல்ல வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றியது டிஎம்விக்குப் போய்ச் சேராது. ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் ரமோனுக்கு மாறினவரின் எச்சரிக்கைக் கடிதம் பழைய அபார்ட்மென்ட்டின் தபால் பெட்டியில் கிடக்கும். ரினீவல் பணம் கட்டியும் ஸ்டிக்கர் வரவில்லை என்ற புகாரும் சில சமயம் இதே கதைதான். ஆனால் அதில் முதலில் ஸ்மாக் சோதனை (வண்டியின் புகைச் சோதனை) பாக்கியா என்று பாருங்கள். அது இல்லை என்றால் இன்சூரன்ஸ்.

அறிகுறி: வேறு மாநிலத்திலிருந்து வந்தேன், பழைய பாலிசி இன்னும் ஓடுகிறது

கலிஃபோர்னியாவில் குடியேறினால் வண்டியை 20 நாளுக்குள் இங்கே ரெஜிஸ்டர் செய்ய வேண்டும். டெக்சஸ் பாலிசியை அப்படியே வைத்துக்கொண்டால், கலிஃபோர்னியாவில் தொழில் செய்ய அனுமதி இல்லாத கம்பெனி என்றால் ஏற்க மாட்டார்கள். அனுமதி உள்ள கம்பெனி என்றாலும் அந்தப் பாலிசி கலிஃபோர்னியா ரிப்போர்ட்டில் தானாகச் சேராது. முகவரியையும் பாலிசியையும் இந்த மாநிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். குறைந்தபட்ச லயபிலிட்டியும் மாறிவிட்டது. பல பத்தாண்டுகளாக 15,000 / 30,000 / 5,000 டாலர் என்று இருந்தது 2025 ஜனவரி 1 முதல் 30,000 / 60,000 / 15,000. ஒருவருக்கு காயம், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து, பொருள் சேதம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். பே ஏரியாவில் முன்னால் போகிற டெஸ்லாவின் பின்பக்கத்தைத் தொட்டால் அந்த 15,000-மும் போதாது என்பது வேறு விஷயம்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு: அங்கே டெக்சஸ்ஷ்யூர் என்ற தரவுத்தளம். கம்பெனிகள் வாரம் ஒருமுறை தங்கள் பட்டியலை அனுப்புகின்றன. புதுப் பாலிசி எடுத்த மறுநாள் போலீஸ் திரையில் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். ஐடி கார்டைக் காட்டுங்கள்.

நியூயார்க்: இங்கே விளையாட்டு வேறு

கலிஃபோர்னியா பழக்கத்தோடு நியூயார்க்கில் இருந்தால் கையைச் சுட்டுக்கொள்வோம். அங்கே இன்சூரன்ஸ் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு: முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், 31 முதல் 60 வரை 10 டாலர், 61 முதல் 90 வரை 12 டாலர். 90 நாள் முழுக்க என்றால் 900 டாலர். அதைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்கும் வழியே இல்லை. ரெஜிஸ்ட்ரேஷனோடு ஓட்டுநர் உரிமமும் சஸ்பெண்ட்.

நியூயார்க்கில் ரெஜிஸ்டர் ஆன வண்டிக்கு நியூயார்க் இன்சூரன்ஸ் மட்டுமே செல்லும். வேலை மாறி நியூஜெர்சிக்கோ கலிஃபோர்னியாவுக்கோ போகிறவர்கள் அடிக்கடி விழும் குழி இது: புது மாநிலத்தில் பாலிசி எடுத்தவுடன் பழையதை ரத்து செய்துவிடுவார்கள், நியூயார்க் பிளேட் மட்டும் கராஜில் கிடக்கும். பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கும் வரை அந்த வண்டி நியூயார்க்குக்கு நியூயார்க் வண்டிதான். வரிசை இதுதான்: புது மாநிலத்தில் இன்சூரன்ஸும் ரெஜிஸ்ட்ரேஷனும், பிறகு நியூயார்க் பிளேட்டை டிஎம்வியிடம் ஒப்படைத்து ரசீது, அதற்குப் பிறகே பழைய பாலிசி ரத்து. சில நாள் இரண்டு பாலிசிக்கும் பணம் போகும். போகட்டும்.

இன்னொன்று பெயர். நியூயார்க்கில் ரெஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும் ஒரே பெயரில் இருந்தாக வேண்டும். நம்மவர்களுக்கு இங்கேதான் தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தவருக்கு விசாவில் முதல் பெயராக எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். உரிமத்திலும் அப்படியே வந்திருக்கும். இன்சூரன்ஸ் இணையதளத்திலோ அவரே அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு பாலிசி எடுத்திருப்பார். மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள், கணினிக்கு இரண்டு பேர். எது நியாயமான பெயர் என்ற வாதத்தில் இறங்காதீர்கள். ரெஜிஸ்ட்ரேஷனில் எப்படி இருக்கிறதோ, அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும், அதே எழுத்துக் கூட்டலில் பாலிசியை மாற்றச் சொல்லுங்கள். பாலிசியை மாற்ற ஒரு போன் போதும்.

பெயர் திருந்திய பிறகு கம்பெனி மின்னணு அறிவிப்பை மறுபடி அனுப்ப வேண்டும். நியூயார்க்கில் ஐடி கார்டு மட்டும் போதாது, கம்பெனியிடமிருந்து அந்த அறிவிப்பும் வந்தால்தான் கணக்கு.

எதற்கும் மசியாத கம்பெனி

பதிவு திருத்தப்படாமல் நாட்கள் ஓடினால் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம். கலிஃபோர்னியாவில் கலிஃபோர்னியா இன்சூரன்ஸ் துறை, நியூயார்க்கில் நிதிச் சேவைகள் துறை. இரண்டிலும் இணையத்தில் இலவசமாக. கம்பெனிக்குள் அந்தப் புகார் வாடிக்கையாளர் சேவை வரிசைக்குப் போகாது, பதில் சொல்லியே ஆக வேண்டிய குழுவுக்குப் போகும். ரிப்போர்ட் அனுப்பும் குழுவை அவர்கள் அன்றே தேடி வருவார்கள்.

புகாரில் உங்கள் மனக்கஷ்டத்தை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். பாலிசி எண், தொடக்கத் தேதி, தகட்டிலிருந்து எடுத்த விஐஎன், கம்பெனி அனுப்பியதாகச் சொன்ன தேதி, நீங்கள் பேசிய நாட்கள், டிஎம்வி கடிதத்தின் நகல், கட்டிய 14 டாலருக்கான ரசீது. விஐஎன் தகட்டின் போட்டோவும் பாலிசியின் முதல் பக்கமும் இணைத்து, எந்த எழுத்து வேறுபடுகிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அனுப்புங்கள்.